வண்டிக்கு அடியில் நீ பிடித்த டார்ச்

அன்பு மகள் பெரியவளுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவும் நானும் மாத்திரையும் சண்டையுமாக வழக்கம்போல் நலமாகவே இருக்கிறோம், அங்கே நீயும் உன் வீட்டுக்காரரும் பேத்தியும் ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். போன் இருக்கும்போது இந்த மனுஷனுக்குக் கடிதம் எதற்கு என்று நீ சிரிப்பாய். மூன்று தடவை போனில் சொல்லப் பார்த்தேன் அம்மா. உன் குரலைக் கேட்டதும் சாப்பிட்டியா, அங்கே குளிரா, பேத்தி என்ன பண்றா என்று கேட்டுவிட்டு உன் அம்மா கையில் போனைக் கொடுத்துவிட்டேன். இது அவள் பக்கத்தில் இருக்கும்போது என் வாயில் வருகிற விஷயமில்லை. அதனால் எழுதித் தெருமுனைக் கூரியர்காரரிடம் கொடுக்கப் போகிறேன், நாலே நாளில் சேர்ந்துவிடும் என்று அவர் அடித்துச் சொல்கிறார். கண் ஆபரேஷன் முடிந்து இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை, வரிகள் மேலே கீழே போனால் பொறுத்துக்கொள்.

உன் தங்கை வீட்டுச் செய்தியிலிருந்து ஆரம்பிக்கிறேன், எல்லாம் அங்கேதான் போய் நிற்கிறது. சின்ன மாப்பிள்ளை மெத்தைக் கடைக்கு ஓட்டிக்கொண்டிருந்தாரே, அந்தப் புது மாடல் பிக்கப்பை விற்றுவிட்டார். அதை வாங்கிய நாளிலிருந்து பாவம் அவருக்கு நிம்மதியில்லை. மீட்டர் பக்கத்தில் ஒரு மஞ்சள் விளக்கு எரியும், வண்டி நடுரோட்டில் அப்படியே நின்றுவிடும், கம்பெனிக்கு இழுத்துக்கொண்டு போனால் கம்ப்யூட்டரைச் செருகிப் பார்த்துவிட்டு, விரல் நீளத்துக்கு ஏதோ ஒரு சென்சார் வர வேண்டும், பதினெட்டு நாள் ஆகும் என்பார்கள். பதினெட்டு நாள் வண்டி நின்றால் சின்னவள் வீட்டில் அடுப்பு எப்படி எரியும்? சரி, பழைய மாடல் ஒன்றை எடுத்துவிடலாம் என்று தேடினால் அதன் விலையைக் கேட்டுத் தலை சுற்றுகிறது. இருபது, முப்பது வருஷம் ஓடிக் களைத்த வண்டிக்குப் புது வண்டி விலையில் முக்கால்வாசி கேட்கிறார்கள். ஏனய்யா இந்த அநியாயம் என்றால், இந்த மாடல் இப்போ வர்றதே இல்ல சார், இஷ்டம்னா எடுங்க, வெளியே நாலு பேர் நிக்கிறாங்க என்று தரகர் சாவியை விரலில் மாட்டிச் சுற்றுகிறாராம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இங்கே சாப்பிட வந்தபோது மாப்பிள்ளை என்னைக் கேட்டார், மாமா, நீங்க பத்தொன்பது வருஷம் அந்த மாடல் ஓட்டினவரு, அது இந்த விலைக்குத் தகுமா, நீங்களே சொல்லுங்க என்று. என்னை ஒருவர் ஒரு விஷயம் கேட்டு எத்தனை நாளாயிற்று தெரியுமா? அவ்வளவுதான், ஆரம்பித்துவிட்டேன். அந்த மாதிரி இரும்பு இப்போது எவன் போடுகிறான், பானட்டைத் திறந்தால் உள்ளே கை நுழையும், ஒரு ஸ்பேனரும் ஒரு துண்டுக் கம்பியும் இருந்தால் எந்த ஊர் மெக்கானிக்கும் அனுப்பி வைத்துவிடுவான், வண்டி நின்றாலும் எதனால் நின்றது என்று நமக்கே தெரியும், அந்தத் தைரியத்துக்கு என்ன விலை கொடுத்தாலும் தகும் என்று அளந்து தள்ளினேன். உன் அம்மா, சோறு ஆறுது, அப்புறம் பிரசங்கம் பண்ணலாம் என்று இரண்டு தடவை சொல்லியும் நான் விடவில்லை. கிடைச்சா யோசிக்காதீங்க மாப்பிள்ளை, எடுத்துடுங்க என்று முடித்துவைத்தேன். இன்னொரு பாதியும் எனக்குத் தெரியும். மீட்டரைத் திருப்பி வைக்கலாம், மேலே பளபளவென்று பெயிண்ட் அடிக்கலாம், அடியில் யார் என்ன செய்து வைத்தார்கள் என்று வாங்குகிறவனுக்குத் தெரியவே தெரியாது. அதைச் சொல்ல மட்டும் எனக்கு நாக்கு எழவில்லை.

எனக்குக் கண்ணில் கட்டுப் போட்டுப் படுக்க வைத்திருந்த வாரத்தில் வண்டியை எடுத்துவிட்டார்கள். கடை வைக்க என்று இரண்டு பேரும் சேர்த்து வைத்திருந்தது முழுவதும் அதில் போயிற்று. கட்டு அவிழ்த்த மூன்றாம் நாள் வாசலில் ஹார்ன் சத்தம், வெளியே போனால் நீல நிறத்தில் ஒரு பிக்கப். எனக்குக் கண் இன்னும் கலங்கலாகத்தான் தெரிந்தது, அழகா இருக்கு மாப்பிள்ளை என்றேன். மாநிலம் மாறிப் பதிவாகி வண்டி எண்ணும் மாறியிருந்ததால் மாப்பிள்ளைக்கும் ஒன்றும் தெரிய வழியில்லை, நம் வண்டியை விற்று நாலு வருஷம் கழித்துத்தானே அவர் நம் வீட்டுக்கே வந்தார். சின்னவள் அம்மாவை முன் சீட்டில் ஏறி உட்காரச் சொன்னாள். உன் அம்மா ஏறினாள், உட்கார்ந்து பார்த்தாள், இறங்கினாள், கதவைக் கொஞ்சம் மேலே தூக்கி இடுப்பால் ஒரு இடி இடித்துச் சாத்தினாள். உனக்கு ஞாபகம் வருகிறதா? அந்தக் கதவை வேறு எப்படிச் சாத்தினாலும் சாத்தாதே. சாத்திய கையோடு என் பக்கம் திரும்பினாள். ஏங்க, இது நம்ம வண்டிங்க என்றாள்.

அதற்கப்புறம் நடந்ததைக் கேள். சின்னவள் துள்ளிக் குதிக்கிறாள். மாப்பிள்ளை என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, மாமா கைபட்ட வண்டியா, அப்போ இனிமே எனக்குக் கவலையே இல்ல என்கிறார். அவர் அப்போதே தரகருக்குப் போன் போட்டுச் சொல்ல, அட, பெரியவர் வண்டியா, முன்னாடியே தெரிஞ்சிருந்தா இன்னும் கொஞ்சம் ஏத்திக் கேட்டிருப்பேனே என்று தரகர் சிரித்தது எனக்கே கேட்டது. பக்கத்து வீட்டுத் தையல்காரர் வந்து என் முதுகில் தட்டிவிட்டுப் போனார். தன் வீட்டு வண்டியே வாசலுக்குத் திரும்பி வந்திருக்கிறது, இந்த மனுஷன் முகம் ஏன் செத்துப்போய்க் கிடக்கிறது என்று யாருக்கும் தோன்றவில்லை. கண் கூசுதுன்னு சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன்.

இப்போது உன்னிடம் சொல்கிறேன். நீ வேலைக்குக் கிளம்பிய அந்த மாதம், உன் பயணச் செலவுக்காகத்தான் வண்டியை விற்றேன் என்று உனக்குத் தெரியும். விற்பதற்கு ஒரு வாரம் முன்னால் நகைக்கடைக்காரருடைய இரும்புப் பெட்டகத்தை ஏற்றினேன். வாடகை கூடக் கிடைக்கிறது என்ற ஆசை, வேறென்ன. இறக்கும்போது பெட்டகம் வழுக்கிப் பின்பக்கம் மோதியதில் வண்டியைத் தாங்குகிற அடிச்சட்டத்தில், அதான் சேஸில், பின் ஸ்பிரிங் மாட்டியிருக்கிற இடத்துக்குப் பக்கத்தில், ஒரு விரிசல் விழுந்துவிட்டது. வெல்டிங்காரர் பார்த்தவுடனே சொன்னார், விரிசல் முடியுற இடத்துல சின்னதா ஒரு ஓட்டை போட்டாத்தான் அது மேல போகாம நிக்கும், உள்பக்கமும் பிளேட் வைக்கணும், ரெண்டு நாள் வண்டிய விட்டுட்டுப் போங்க என்று. மறுநாள் காலையில் வாங்குகிறவர் வருகிறார். வண்டி பிரித்துக் கிடப்பதைப் பார்த்தால் வாங்குவாரா? ஓட்டையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், வெளியே மட்டும் ஒரு பிளேட்டை வைத்துப் பத்தவைங்க என்று நான்தான் அவசரப்படுத்தினேன். பிளேட்டுக்கு வெளியே விரிசலின் முனை விரல் அகலத்துக்கு எட்டிப் பார்த்தது. அன்றைக்குச் சாயங்காலம் நம் வாசலில் நான் வண்டிக்கு அடியில் படுத்துக் கறுப்புப் பெயிண்ட் அடித்தேன், நீ பக்கத்தில் குந்தி டார்ச் பிடித்தாய். விக்கப்போற வண்டிக்கு எதுக்குப்பா பெயிண்ட் என்று கேட்டாய், துருப் பிடிக்காம இருக்கத்தான் என்றேன். இங்கே ஒரு கோடு தெரியுதேப்பா என்று விரல் வைத்துக் காட்டினாய். அது பழைய கீறல்டி என்று சொல்லி அதன் மேலேயே இரண்டு தடவை பிரஷ்ஷை இழுத்தேன். உனக்கு இதெல்லாம் மறந்திருக்கலாம். எனக்கு உன் விரலில் ஒட்டிய பெயிண்ட்கூட ஞாபகமிருக்கிறது, மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டேன்.

மாப்பிள்ளையிடம் சொல்லாமல் இல்லை. மறுநாளே தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன், மாப்பிள்ளை, அந்த வண்டியில சேஸ் விரிசல் இருக்கு, நான்தான் மறைச்சு வித்தேன் என்று, இவ்வளவு பச்சையாகவே சொன்னேன். அவர் சிரித்தார். மாமா, நீங்க அப்படிப் பண்ற ஆளே இல்ல, நாங்க பெரிய லோடு ஏத்தப்போறோம்னு உங்களுக்குப் பயம், அதான் இப்படிச் சொல்றீங்க என்றார். நான் என்ன செய்ய? வாடகையில் ஒரு ரூபாய் கூடுதலாக வாங்கமாட்டார், கண்ணாடிச் சாமான் ஒன்று உடையாமல் கொண்டுபோவார் என்று ஊரெல்லாம் வாங்கி வைத்த நல்ல பேர் இப்போது என் வாயை அடைக்கிறது. பொய் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார் போலிருக்கிறது.

சரி, கண்ணால் காட்டிவிடுவோம் என்று ஒரு மத்தியானம் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் நுழைந்தேன். குனியக்கூடாது என்று கண் டாக்டர் சொன்னது ஞாபகம் இருந்தது, அதனால் மல்லாக்கப் படுத்தேன். நடுவில் வாங்கியவர்கள் தார் மாதிரி எதையோ அப்பி வைத்திருக்கிறார்கள், சுரண்டச் சுரண்ட முகத்தில் கொட்டுகிறது. உள்ளங்கை அளவு சுரண்டியதில் பிளேட் மட்டும்தான் தெரிந்தது. விரிசல் முனை ஸ்பிரிங்குக்கு மேலே இருக்கிறது, இந்த வயதில் அங்கே என் கை எட்டவில்லை. வெளியே வரவும் முடியவில்லை. சின்னவள் வந்து இரண்டு காலையும் பிடித்து இழுத்தாள், இழுத்து முடித்து அரைமணி நேரம் திட்டினாள். பிளேட்டைப் பார்த்த மாப்பிள்ளை, பார்த்தீங்களா, மாமா அப்பவே பலமா இருக்கட்டும்னு பிளேட் வச்சிருக்காரு என்று உன் தங்கையிடம் பெருமையாகச் சொல்கிறார். அவருடைய மெக்கானிக்கோ சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டி, நீங்க வித்த பிறகும் பதினோரு வருஷம் ஓடின வண்டி, இனிமே என்ன ஆகப்போகுது பெரியவரே என்றார். பதினோரு வருஷமும் அதில் ஏற்றியது வெறும் சிப்ஸ் பாக்கெட். அதை அந்தத் தரகரே பெரிய சிறப்பாகச் சொல்லித்தான் விற்றிருக்கிறார். பின்னால் சாமான் ஏற்றுகிற தொட்டியைக் கழற்றி அடிப்பக்கம் முழுக்கச் சுரண்டிப் பார்க்க எட்டு நாள் ஆகுமாம். எட்டு நாள் வண்டியை நிறுத்தினால் டைல்ஸ் கடைக்காரர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார், அடுத்த வருஷம் பார்க்கலாம் மாமா என்கிறார்.

டைல்ஸ் கடை என்றேன் இல்லையா, அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. இப்போதைக்கு மெத்தைதான் போகிறது, ஒன்றும் ஆகாது. அடுத்த திங்கட்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமையிலிருந்து தினமும் மூன்று நடை டைல்ஸ், மேம்பாலம் ஏறி இறங்கி அந்தப் பக்கம் போக வேண்டும். பில் புத்தகமும் வழியும் பார்த்துக்கொள்ள சின்னவளும் முன் சீட்டில் போகிறாள். எனக்கு அந்த விரிசல் இருக்கிற இடம் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. சில நேரம் எனக்கே சந்தேகம் வருகிறது, ஒருவேளை அது மேலே போகாமல் நின்றிருக்குமோ, நான்தான் கிழட்டுப் பயத்தில் உளறுகிறேனோ என்று. நிற்காது அம்மா. ஓட்டை போடாத விரிசல் கிழிந்த துணி மாதிரி, பாரம் விழுந்தால் போய்க்கொண்டேதான் இருக்கும்.

இப்போது நான் தினமும் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிடுகிறேன். வீட்டில் இருந்தால் பொழுது போகவில்லை என்று சொல்லியிருக்கிறேன். மெத்தைக் கடைக்காரர் என்னைப் பார்த்து, என்ன பெரியவரே, பழைய காதலியை விட மனசில்லையா என்று கேலி பண்ணுகிறார், நானும் பல்லைக் காட்டுகிறேன். பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் பின்னால் என்ன சத்தம் வருகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சத்தம் வந்தால் மட்டும் நான் என்ன கிழிக்கப் போகிறேன் என்று கேட்காதே. இந்த வீட்டில் எல்லோரும் என்னை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள், ஆனால் நான் சொல்வதைக் கேட்க ஒருத்தர் இல்லை.

மற்றபடி இங்கே செய்தி ஒன்றும் பெரிதாக இல்லை. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான், நீ அனுப்பிய தைலத்தைத் தீர்ந்துவிடுமே என்று தொடாமல் வைத்திருக்கிறாள், திட்டு. மாடி வீட்டுக் குழாய் சரி செய்தாகிவிட்டது. நீயும் ராத்திரி வேலை முடிந்து வந்து வெறும் டீயோடு படுக்காதே, பேத்திக்கு நம் எழுத்து இரண்டையாவது சொல்லிக்கொடு, தாத்தா கோணலாக எழுதியதை அவளும் ஒரு நாள் படிக்க வேண்டும். உனக்காகத்தானே அந்த வண்டியை விற்றோம் என்று இப்போது உட்கார்ந்து அழாதே. மறைத்தது நான், நீ வெறும் டார்ச் பிடித்த பிள்ளை. எங்கே இருந்தாலும் நீங்கள் மூன்று பேரும் ஒரு கஷ்டமும் தெரியாமல் நன்றாக இருக்க வேண்டும், அம்மாவும் அப்பாவும் எப்போதும் அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஒன்றே ஒன்று, மறந்துவிடாதே. கடிதம் கைக்கு வந்த அன்றைக்கே சின்ன மாப்பிள்ளைக்குப் போன் பண்ணு. நீ சொன்னால் அக்கா சொன்னாங்க என்று கேட்பார். என்னைக் காப்பாற்றப் பார்க்காதே, சுற்றி வளைக்காதே, கோட்டைப் பார்த்ததையும் நான் அதன் மேல் பெயிண்ட் அடித்ததையும் அப்படியே சொல்லு. எங்க அப்பா அப்படிப் பண்ற ஆள்தான் என்று சொல்லு.

உன் போன் அவருக்கு வரும்வரை வண்டியில் உட்கார்ந்திருக்கும்
அப்பா