சினைக் களவா

9 ஜூலை 2023, ஞாயிறு
எங்கள் மீன் கடையில் நல்ல கூட்டம். கடற்கரையிலிருந்து மொத்த வியாபாரி குமரேசன் அண்ணன் அனுப்பிய களவா எல்லாமே கனத்த மீன். அங்கே கடலில் பாறைத் திட்டைச் சுற்றி மீன் பிடிக்கக் கூடாதென்று மீனவர் பஞ்சாயத்து கட்டுப்பாடு போட்டு நாலு வருஷம். முதல் வருஷம் வரத்து பாதியாகி, கடையை மூடிவிடலாமா என்றுகூட என் வீட்டுக்காரர் பிரசாத் கேட்டார். இப்போது திட்டுக்கு வெளியே வலை போட்டாலே பெரிய மீன் விழுகிறதாம். உள்ளே பெருகினது வெளியே வருகிறது.

21 ஜனவரி 2024
குமரேசன் அண்ணன் இங்கே லாட்ஜில் வியாபாரிகளைக் கூட்டினார். வெளியிலேயே இவ்வளவு என்றால் உள்ளே எவ்வளவு இருக்கும், கட்டுப்பாட்டை நீக்கச் சொல்லிப் பஞ்சாயத்தை நெருக்குவோம் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். பிரசாத்தும்.
கொழுத்ததைப் பார்த்ததும் நாக்கைத் தொங்கப் போடுகிற கூட்டம். சீ.

4 பிப்ரவரி
வெட்டிய களவா அத்தனையிலும் சினை. சினை மீன் திட்டை விட்டு வெளியே வராதாம்; உள்ளே புகுந்து திருடுகிறார்கள். குமரேசனைப் போனில் கேட்டேன்.
"சினை இருந்தா எடை ஜாஸ்தி, தங்கச்சி. உங்களுக்குத்தான லாபம்?"
சிரிக்கிறான். கையை எத்தனை தடவை கழுவினாலும் நாத்தம் போகல.

11 பிப்ரவரி
வியாபாரிகள் மறுபடி கூடிய கூட்டத்தில் எழுந்து பேசினேன். "நான் கீழ்பென்னாத்தூர்ல பொறந்தவ. எங்க ஊர்ல பட்டினி கெடந்தாலும் வெத நெல்ல குத்தித் தின்ன மாட்டாங்க."
கடலைப் பார்த்திருக்கிறாயா என்று ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். பிரசாத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பைவிட இதுதான் அருவருப்பு.

3 மார்ச்
கட்டுப்பாட்டை நீக்கிவிட்டார்கள். பிரசாத் ஸ்வீட் வாங்கி வந்தார். நான் தொடவில்லை.

7 ஏப்ரல்
பெட்டி பெட்டியாய்க் களவா. வாங்க ஆளில்லாமல் அழுகிப்போனதைக் கொட்டினோம். இதுக்கா?

18 ஆகஸ்ட் 2025
விரல் நீளப் பொடி மீன்தான் வருகிறது. சிறு படகுக்காரர்களுக்கு டீசல் காசுகூடத் தேறவில்லையாம். பாதிப் பேர் கட்டட வேலைக்குப் போய்விட்டார்கள்.

12 அக்டோபர்
கடல் மீன் கொண்டுவரும் வண்டி நின்றுவிட்டது. ஏரியில் பிடிக்கிற கட்லா மீன்தான் விற்கிறோம்.

16 நவம்பர்
குமரேசன் புது காரில் வந்தார். கடல் செத்துப்போச்சு என்று கை விரித்தார். என் டீயைக் குடித்துக்கொண்டே கேட்டார்:
"இந்தப் பக்கம் ஏரியில மீன் ஜாஸ்தியாமே, ஏலம் எப்போ?"
பிரசாத் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.