நொடிக்கு ஆயிரம் துடிப்பு

12 பிப்ரவரி, திங்கள்

சுவிஸின் ஆரா நகரில் பனிமூட்டம். எட்டு மணிக்கும் தெருவிளக்கு. சாக்ஸ் ஈரம்.

சனிக்கிழமை கம்ப்யூட்டர் கேம் போட்டி, எங்கள் கம்பெனி சர்வர்களில். அதற்குள் திக்கல் நிற்க வேண்டும். சுட்டு முடித்த பிறகும் எதிரி ஓடிக்கொண்டே இருக்கிறான். வாடிக்கையாளர்கள் கத்துகிறார்கள்.

போன வாரம் சர்வரின் கெர்னலை, அதாவது அடிமட்ட மென்பொருளை, திருத்தியது நான். அதன் கடிகாரம் நொடிக்கு 250 தடவை துடிக்கும். திக்கல் குறைய அதை 1000 என்று மாற்றி, கம்பைல் செய்து, ஏற்றியாயிற்று. ஒரு மாற்றமும் இல்லை. எனக்கு மேலே இருக்கும் ரெட்டோ, "ஆயிரம் போட்டாயா?" என்றான். போட்டேன் என்றேன். அவ்வளவுதான் விசாரணை.

வேலையில் என் சோதனைக் காலம் இந்த மாதத்தோடு முடிகிறது. வேலை போனால் இங்கே தங்கும் பெர்மிட்டும் போகும். அம்மாவிடம் சொல்லவில்லை. எங்கள் தெருவில் அவள் மகள் "கம்ப்யூட்டர் ஆபீசர்".

வாங்க: பால், சாக்ஸ், மிளகாய்த்தூள்.

13, செவ்வாய்

ரெட்டோவின் முடிவு: குற்றவாளி கேபிள். அதாவது நிர்மலன் அண்ணாவின் கேபிள். யாழ்ப்பாணத்துக்காரர். டாவோஸ் ஹோட்டலில் தட்டு கழுவி, படித்து, இப்போது எங்கள் சர்வர் ரூமில் கேபிள் இழுக்கிறார். எல்லாவற்றையும் கழற்றிப் புதிதாகப் போடச் சொல்லியிருக்கிறார்கள்.

தரையில் படுத்தபடி கேட்டார்: "பிள்ளை, இந்தக் கேபிள் என்ன பாவம் செய்தது?"

"தெரியலண்ணா."

"ஹோட்டலில தட்டு உடைஞ்சாத்தான் பேச்சு. இஞ்ச உடையாமலே பேச்சு."

மிளகாய்த்தூள் மறந்துவிட்டேன்.

14, புதன்

முக்கால்வாசிக் கேபிள் புதிது. திக்கல் பழையது. நெட்வொர்க் கார்டையும் மாற்றிப் பார்த்தாயிற்று. எனக்குத் தலைவலி.

முதலாளி வாசலில் நின்று ரெட்டோவிடம்: சனிக்கிழமை நிர்மலன் வேண்டாம், கேபிளுக்கு வெளியாள் பார். சுவிஸ் ஜெர்மன் எனக்குப் பாதிதான் புரியும் என்று சத்தமாகவே பேசுகிறார்கள். பாதி போதும்.

15, வியாழன்

போட்டிக்கான பேட்ஜ் வந்தது. என் பெயரில் zh இருக்க வேண்டிய இடத்தில் yh. Kuyhali. மூன்று மாதமாக வாயால் கொன்றார்கள், இப்போது அச்சில்.

"யாருண்ணா என் பேரை இப்படிப் பண்ணினது?"

நிர்மலன் அண்ணா வாங்கிப் பார்த்தார். "குய்ஹலி. வடிவாத்தான் கிடக்கு. ஏதோ மருந்துக் குளிசைப் பேர் மாதிரி." பிறகு, "நீர்தானே போன கிழமை பேட்ஜ் படிவத்தைக் கம்ப்யூட்டரில அடிச்சு அனுப்பினனீர்?"

ஆமாம். நான்தான்.

டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ். விரலைப் பார்க்காமல் அடிப்பேன் என்று எத்தனை பெருமை. இந்த ஊர் கீபோர்டில் ஒய்யும் இசட்டும் இடம் மாறியிருக்கும். வந்த நாளிலிருந்து தெரியும். கண்ணில் பட்டால் திருத்துவேன். பெயரே கண்ணில் படவில்லை என்றால் வேறு என்னென்ன தப்பியிருக்கும்?

ஓடிப்போய் கெர்னல் ஃபைலைத் திறந்தேன். 1000 என்ற வரியின் கடைசியில் 'ஆம்' என்பதற்கு ஒய் வேண்டும். இசட் இருந்தது. ஒரே ஒரு எழுத்து. கெர்னல் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பழைய 250க்கே போயிருக்கிறது. கம்பைல் ஆகும்போது ஒரு வரி எச்சரித்தும் இருக்கும். நான் டீ எடுக்கப் போயிருந்தேன்.

திருத்தினேன். கம்பைல். மதியம் சோதனை. வெண்ணெய் மாதிரி ஓடுகிறது. சந்தோஷம் அரை நிமிடம்.

அண்ணா காலையில்தான் கடைசிக் கேபிளை மாற்றியிருந்தார். ரெட்டோ சொன்னான்: "பார்த்தாயா, கேபிள்தான்." நான் தலையை ஆட்டினேன். என் தலையாட்டலை இவர்கள் எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

அண்ணா ஸ்குரூ டிரைவரைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். "கேபிள்தானாம்" என்றார்.

16, வெள்ளி

வழிகள்:
அ) சும்மா இருப்பது
ஆ) மெயில்
இ) நேரில்

வரிசை: கோழைத்தனம் அதிகமானது முதலில்.

பஸ்ஸில் வாக்கியத்தைப் பதினைந்து தடவை சொல்லிப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள் இடம் மாறி உட்கார்ந்தார்.

முதலாளி அறை. "தவறு என்னுடையது. கேபிள் இல்லை." கேட்கவில்லை என்றார். மறுபடி. கேட்கவில்லை. மூன்றாவது தடவை அளவு தெரியாமல் கத்திவிட்டேன். வெளியே எல்லோரும் திரும்பினார்கள். பிறகு அந்த எழுத்தைக் காட்டினேன். ரெட்டோ தன் மேசையில் கீபோர்டையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவனும் ஃபைலைத் திறந்து பார்த்திருக்கலாமே என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை.

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். "நாளை நிர்மலன் வருகிறார்." பிறகு, "இனிமேல் கம்பைலுக்கு முன் ஃபைலை இரண்டு பேர் படிக்க வேண்டும்." அந்த இரண்டு பேரில் நான் உண்டா? இருந்த சத்தமெல்லாம் தீர்ந்துவிட்டது. கேட்கவில்லை.

நிர்மலன் அண்ணா: "உமக்கு இவ்வளவு சத்தம் இருக்கெண்டு இண்டைக்குத்தான் தெரியும்."

"சாரிண்ணா. மூணு நாள் தரையில படுக்க வெச்சுட்டேன்."

"பரவாயில்லை. சுத்தமான தரைதான்."

17, சனி

வெயில். போட்டி நடக்கும் ஹாலில் பீட்சா வாசனை, சாக்ஸ் வாசனை. மாலை வரை 1000, அசையவில்லை. ஒருவரும் எங்களைத் தேடி வரவில்லை. சர்வர்காரர்களுக்கு அதுதான் பாராட்டு போல. அண்ணா வருகிறவர்களிடமெல்லாம், "இவ குய்ஹலி, எங்கட எஞ்சினியர்" என்கிறார்.

ஆபீசில் சாமான்களை இறக்கப் போனபோது காபி மெஷின் மேல் ஒரு தாள். மார்ச் மாத ஷிப்ட் பட்டியல். முதலாளி பெயர்களை அந்தப் பேட்ஜ் படிவத்திலிருந்தே எடுத்திருக்கிறார். நான்காவது பெயர் Kuyhali, செவ்வாயும் வெள்ளியும்.

கையில் பேனா இருந்தது. திருத்தவில்லை.