துரை நட்ட கல்

12 மார்ச் 1897, வெள்ளி

கப்பலில் உலகம் சுற்றிக் கடல் வரைபடம் போட்ட தன் ஊர்க்காரர் ஒருவருக்கு, எங்கள் சுரங்கத்து வெள்ளைக்காரத் துரை இங்குள்ள குன்றின்மேல் ஞாபகக்கல் நட ஆசைப்பட்டார். சும்மா கல் சுமக்க யாரும் வரவில்லை. அது கடல் சாமி, சுமந்தால் புண்ணியம் என்று கூலிகளிடம் சொன்னது மேஸ்திரியான நான்தான். ஒரே நாளில் கல் மேலே ஏறிவிட்டது.

இன்று சாயங்காலம் போய்ப் பார்த்தேன். கல் சுமந்தவர்களில் ஒருத்தியான முனியம்மா அதற்கு மஞ்சள் பூசிக் கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்தாள். அவள் புருஷனுக்கு ஷாப்ட்டில், அதாவது ஆழமான சுரங்கக் குழியில், இறங்கும் வேலை.

“இன்னா மேஸ்திரி, ஷாப்ட்டுல எறங்கறவங்களயும் இந்தச் சாமி காப்பாத்துமா?”

“காப்பாத்தும் தங்கச்சி.”

அவள் நீட்டிய குங்குமத்தை இட்டுக்கொண்டேன்.

வீட்டில் மனைவி என் நெற்றியைப் பார்த்து, “எந்தக் கோயிலுக்குப் போயிட்டு வர்றீங்க?” என்றாள்.

தலைவலி என்று சொல்லிவிட்டு திண்ணையில் வந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.