எட்டுப் புள்ளி

மார்ச் 9, ஞாயிறு
பீருக்காகக் கொதிக்கவைத்த மால்ட் சாறு இருபது டிகிரிக்கு ஆறிய பிறகுதான் அடர்த்தி அளக்கும் கண்ணாடி மிதவையைப் போட்டேன். கண்ணை நீர்மட்டத்துக்கு இறக்கிப் பார்த்தேன். ஆயிரத்து ஐம்பது. தங்கை நாரே பஸ் ஓட்டிவிட்டு வந்து வாளியை எட்டிப் பார்த்தாள். “அக்கா, இது பீரா, பாத்திரம் கழுவின தண்ணியா?” விபத்தில்லாமல் பத்து வருடம் ஓட்டியதற்கு 29ஆம் தேதி அவளுக்குப் பாராட்டு விழா. டிரைவர்கள் எல்லாரும் அன்று நம் வீட்டுக்கு வருகிறார்கள். சோங்ஜு நகரத்திலேயே நல்ல பீர் என் தங்கைக்குத்தான்.

மார்ச் 17
கழுவும்போது மிதவை கை நழுவித் தொட்டியில் விழுந்தது. உடையவில்லை. நல்லவேளை.

மார்ச் 19, புதன்
ஆயிரத்துப் பத்து. சர்க்கரை சாராயமாக மாற மாற எண் இறங்கும்; இது எதிர்பார்த்த எண்ணேதான். வீட்டிலேயே பீர் காய்ச்சுவோர் குழுவின் குவாக் அண்ணனுக்குப் போன் செய்தேன். “மூணு நாள் அளந்து பாரும்மா. எண் அசையலன்னாதான் புளிச்சு முடிஞ்சதுன்னு அர்த்தம். மிதவையைப் பச்சைத் தண்ணில போட்டு ஆயிரம் காட்டுதான்னும் பாத்துக்கோ.”
மூன்று நாள் காத்திருந்தால் விழாவுக்குள் பாட்டிலில் காஸ் ஏறாது. காஸுக்காகக் கொஞ்சம் சர்க்கரை சேர்த்து இன்றே அடைத்துவிட்டேன். நாற்பது பாட்டில்.

மார்ச் 27
குளிர்பெட்டியில் வைக்க நாரே ஒரு பாட்டிலைத் தூக்கினாள். கையிலேயே வெடித்தது. இடது கண்.

மார்ச் 28
பார்வை திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் தூங்குகிறாள். யார் சொல்வது அவளிடம்? நானா?

ஏப்ரல் 4
வீட்டுக்கு வந்துவிட்டாள். “நான்தான்க்கா பாட்டிலையெல்லாம் அடியில சூடேத்துற தரைப் பக்கம் நகர்த்தினேன். கூட்டுறதுக்கு இடம் வேணும்னு. உன் பீர் மேல தப்பில்ல.”
நான் கஞ்சியைக் கிளறிக்கொண்டிருந்தேன். கிளறிக்கொண்டே இருந்தேன்.

ஏப்ரல் 6
அவள் தூங்கும்போது மிதவையை வெறும் தண்ணீரில் போட்டேன். தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று இரண்டு. மறுபடியும் போட்டேன். அதே எண். விழுந்த அன்றே உள்ளே இருந்த அளவுத் தாள் கீழே இறங்கியிருக்கிறது. எட்டுப் புள்ளி. அப்படியென்றால் நான் அடைத்தபோது அது ஆயிரத்துப் பதினெட்டு. பாதிதான் புளித்த பீர். அதன் மேல் சர்க்கரை வேறு போட்டேனே.
அன்றே சோதிக்க ஒரு டம்ளர் தண்ணீர் போதுமாயிருந்தது.

ஏப்ரல் 7
சொல்லவில்லை.

ஏப்ரல் 21, திங்கள்
ஒரு கண்ணோடு பெரிய வண்டி ஓட்டும் உரிமம் கிடையாதாம். டிப்போவில் வண்டிகள் கிளம்பும் நேரத்தைக் குறிக்கும் வேலை தருகிறார்கள். சீருடையை மடித்துப் பையில் வைத்தாள். “அந்தத் தரையை மட்டும் கூட்டாம விட்டிருந்தேன்னா...” என்றாள். அழவில்லை. அப்போதும் எனக்கு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. சீ, என்ன ஜென்மம் நான்.

மே 2
சொல்லிவிட்டேன். மிதவை, தண்ணீர், எட்டுப் புள்ளி, எல்லாம்.
அவள் கேட்டாள். “எத்தனை நாளா உனக்குத் தெரியும்?”
“இருபத்தாறு நாள்.”
“கண்ணு போனது கூடப் பரவால்லக்கா. இருபத்தாறு நாளும் பக்கத்துல நான் என்னையே திட்டிக்கிட்டுக் கிடந்தேன். நீ கேட்டுக்கிட்டு இருந்தே.”

மே 5
டிப்போவில் அவளோடு வேலை செய்யும் கியோன்-ஜாவின் அறைக்குப் போய்விட்டாள். இரண்டு பைதான். தூக்க நான் கை நீட்டினேன். வேண்டாமென்று தலையசைத்தாள்.

ஜூன் 18
அழைத்தேன். எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி
காலையில் அவளிடமிருந்து செய்தி. ‘செயற்கைக் கண் பொருத்தறாங்க. பத்து மணி. வரியா?’
போனேன். முடிந்ததும் குளிர்ந்த நூடுல்ஸ் சாப்பிட்டோம். அதிகம் பேசவில்லை. வீட்டுக்கு வருவாயா என்று நான் கேட்கவில்லை. வெளியே வந்து சாலையைக் கடக்க நின்றபோது என்னைப் பார்க்காமலே சொன்னாள்.
“இடது பக்கம் வந்து நில்லுக்கா. அங்க எனக்கு ஒண்ணும் தெரியல. வண்டி வந்தா சொல்லு.”
போய் நின்றேன். முனையில் ஒரு பஸ் திரும்பியது. “வருது” என்றேன். அவள் தானும் ஒருமுறை திரும்பிப் பார்க்காமல், என் சொல்லைக் கேட்டு நின்றாள்.