திங்கட்கிழமை நீ தீர்த்தமலையில் இருந்தாய்

இன்று காலை பரணிலிருந்து பழைய குறிப்பேடுகளை இறக்கினேன். ஒன்றிலிருந்து திருநீற்றுப் பொட்டலம் நழுவி விழுந்தது. தீர்த்தமலையில் நீ வாங்கிக் கொடுத்தது. அது இருந்த பக்கத்தின் மேலே, என் கையெழுத்தில், தேதியும் ‘திங்கள், பகல் 11.20’ என்றும் எழுதியிருக்கிறது.

மலைப்படிகள் உடைந்து கிடப்பதாகப் பக்தர்கள் சொன்னதால் செய்தி எடுக்கப் போனோம். என் பைக் பழுதாகியிருந்ததால் இண்டூரிலிருந்து நீதான் ஜீப்பில் அழைத்துப் போனாய். செல்போனை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருந்தாய்.

“யோவ், சாமி கும்புட வந்தியா, சர்வே எடுக்க வந்தியா?” என்றாய்.

“உடைஞ்ச படி எத்தனைன்னு எழுத வேண்டாமா?”

“நாப்பதுன்னு போடு. அரூர்ல இருந்து எவன் வந்து எண்ணப் போறான்?”

நாற்பத்தேழு. எண்ணித்தான் எழுதினேன். துல்லியமானவன் என்று மாவட்டத்தில் எனக்கு ஒரு பெயர் இருந்தது.

ஆனால் அன்று மாலை சோம்பல்பட்டு, செய்தியைச் செவ்வாய்க்கிழமைதான் அனுப்பினேன். புதன்கிழமை வெளியானது. ‘நேற்று நேரில் சென்று பார்த்தபோது’ என்று தொடங்கியிருந்தேன். ஆறிப்போன செய்தியைச் சூடாகக் காட்ட எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்கிற வேலைதான் அது. படிப்பவர்களுக்கு நாம் போனது செவ்வாய்க்கிழமை.

ஐந்து மாதம் கழித்து உன்னைக் கைது செய்தார்கள். உங்கள் கூட்டு வியாபாரத்துக்காக உன் பங்காளி வெளிநாட்டிலிருந்து தருவித்த கடலை மூட்டைகளுக்குள் போதைப்பொருள் இருந்தது. இறக்குமதிக் காகிதங்களில் உன் கையெழுத்து. படிக்காமல் போட்டேன் என்றாய். அதே திங்கட்கிழமை சென்னையில் ஒரு லாட்ஜில் மற்ற மூவரோடு உட்கார்ந்து நீயும் சதி செய்தாய் என்றது அரசுத் தரப்பு. அன்று நீ என்னோடு மலையில் இருந்தாய். அதைச் சொல்ல என்னைச் சாட்சியாக அழைத்தார் உன் வக்கீல்.

அரசு வக்கீல் அந்தப் புதன்கிழமைப் பேப்பரை நீட்டினார். “நேற்று என்று எழுதியிருக்கிறீர்களே, போனது செவ்வாயா, திங்களா?”

செய்தியாளர் இருக்கையில் நான் தொழில் கற்றுக்கொடுத்த இரண்டு பேர் பேனாவோடு உட்கார்ந்திருந்தார்கள்.

“செய்தியில் உள்ளபடிதான்” என்றேன்.

நீ கூண்டிலிருந்து என்னைப் பார்த்தாய். குறிப்பேடு அப்போதும் இதே பரணில்தான் இருந்தது. உனக்குப் பத்து வருடம் கொடுத்தார்கள்.

மேல்முறையீடு போட்ட பிறகு ஜெயிலுக்கு வந்து பார்த்தேன். நீ திட்டுவாய் என்று நினைத்தேன். சிரித்தாய்.

“படிய எண்ணத் தெரிஞ்சவனுக்குக் கெழமைய எண்ணத் தெரியலயாய்யா?” பிறகு குரலைத் தாழ்த்தினாய். “ஹைகோர்ட்லயாச்சும் சொல்லிடுடா. உன் கைல நோட்டு இருக்குமில்ல?”

“பார்க்கலாம்” என்றேன். இரண்டு வருடம் அதையே சொன்னேன். வழக்கு தள்ளிப்போன ஒவ்வொரு முறையும் எனக்குள் நிம்மதி பரவியது. இதை உன்னிடம் சொல்லத்தான் எழுதுகிறேன்.

போன மாதம் ஜெயிலிலேயே உனக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் போய்விட்டாய்.

காரியம் முடிந்ததும் உன் மனைவி என் வீட்டுக்கு வந்தாள்.

“அவரு போனதோட கேசும் முடிஞ்சுடுமாம்ங்ணா. முப்பது நாளைக்குள்ள நான் மனு போட்டா நடத்தலாம்னு வக்கீல் சொல்றாருங்க. குத்தவாளின்னே அவரு பேரு நிக்கக் கூடாதுங்ணா. நோட்டு உங்ககிட்ட இருக்கும்னு சொல்லிட்டுத்தான் போனாரு.”

நீ போய் இன்று இருபத்திரண்டாவது நாள். மதியம் தருமபுரியில் வக்கீல் முன்னால் வாக்குமூலப் பத்திரம் எழுதிக் கொடுத்தேன். போனது திங்கட்கிழமை; செய்தியில் கிழமையை மாற்றி எழுதினேன்; தெரிந்தே நீதிமன்றத்தில் மறைத்தேன். நீதிமன்றத்தில் பொய் சொன்னதற்கு உங்கள் மேலேயே நடவடிக்கை வரலாம் என்றார் வக்கீல். வரட்டும் என்றேன். இதை நீதிபதிகள் ஏற்பார்களா என்று அவருக்கும் உறுதியில்லை.

வெளியே வந்ததும், அங்கே காத்திருந்த உன் மனைவி கைகூப்பினாள். பஸ் ஸ்டாண்டு வரை நடந்தோம். இண்டூர் பஸ் வந்து நின்றது. படியில் ஒரு காலை வைத்தவள் திரும்பினாள்.

“இதை அப்பவே சொல்லியிருந்தா, வூட்டுக்கு வந்திருப்பாருங்களாண்ணா?”

கண்டக்டர் விசில் அடித்துவிட்டார். பதில் என்னிடமே இருக்கிறது.