வேலைக்கு வந்த ஆளு

ஏங்க, இன்று காலை குளியலறை வாசலிலேயே அந்த வாடை வந்துவிட்டது. சாரல் ஆரம்பித்து ஒரு வாரம்தான் ஆகிறது. மண் நன்றாக ஊறி, உறிஞ்சு குழி தண்ணீர் வாங்க மாட்டேன் என்று முரண்டு பிடிக்கிற நாட்கள். போதாததற்குக் குழாயிலும் அடைப்பு. கழிப்பறைக் கோப்பையில் ஒரு வாளி ஊற்றினால் விளிம்பு வரை ஏறி நின்று, பிறகு வேண்டாவெறுப்பாக இறங்குகிறது. பின்பக்கம் போனேன். குழாய் அடைப்பைக் குத்துகிற உங்கள் மூங்கில் சிம்பு நீங்கள் சாய்த்து வைத்தபடியே மதிலோரம் நின்றது. போன ஐப்பசியில் நீங்கள் போய்ச் சேர்ந்ததிலிருந்து அதை யாரும் தொடவில்லை.

குத்துக்கல்வலசையில் நாம் இந்த வீட்டைக் கட்டியபோது தெருவில் நம்மோடு சேர்த்து நாலே வீடு. நீங்கள் போலீசில் ஏட்டு. அதனால் இது ஏட்டையா வீடு, நான் ஏட்டம்மா. காய்கறிக்காரர்கூட, "ஏட்டம்மாவுக்குன்னு நல்ல கத்தரிக்கா தனியா எடுத்து வச்சிருக்கேன்" என்பார். எனக்கு அதில் பெருமைதான், மறைப்பானேன். அந்த ஏட்டையா கைலியை மடித்துக் கட்டி, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு சாக்கடைக் குழாயைக் குத்திக்கொண்டு நின்றால் எனக்கு எப்படி இருக்கும்? "ஊர்ல ஆளா இல்ல? ஒரு போன் போட்டா வருதான்" என்று கத்துவேன்.

"இன்னைக்கு குத்தச் சொல்லுவோம், நாளைக்கு உள்ள இறங்கச் சொல்லுவோம். வேண்டாம்" என்பீர்கள். ஒரு வீட்டுக் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கிச் செத்த இரண்டு பேருக்குப் பக்கத்தில் நீங்கள் காவலுக்கு நின்றதும், அன்று வீட்டுக்கு வந்து சோற்றுத் தட்டை அப்படியே தள்ளிவைத்ததும் எனக்குத் தெரியும். தொட்டி நிறைந்தால் லாரியைக் கூப்பிடுவீர்கள். வீட்டிலிருந்து தொட்டி வரைக்குமான குழாய் மட்டும் உங்கள் வேலை.

அதற்கென்று ஒரு முறை வைத்திருந்தீர்கள். குழாய் வந்து சேரும் சேம்பர் குழிகளின் மூடிகளைத் திறந்துபோட்டு, உள்ளே அடைந்த வாயு போகட்டும் என்று அரை மணி நேரம் யாரையும் கிட்டே விட மாட்டீர்கள். பிறகு சிம்பின் நுனியில் சாக்குத் துணியை இறுக்கிக் கட்டி, குழாய்க்குள் விட்டு விட்டு இழுப்பீர்கள். நான் உள்ளே வாளியோடு நிற்க வேண்டும். "ஊத்து" என்று உங்கள் குரல் வந்ததும் ஊற்றுவேன். தண்ணீர் சேம்பருக்கு வந்து சேர்ந்தால் "வந்துட்டு" என்பீர்கள். நாம் சண்டை போடாமல் சேர்ந்து செய்த வேலை அது ஒன்றுதான் என்று இப்போது தோன்றுகிறது.

அருவியில் தண்ணீர் விழுகிற சீசன் வந்தால் நமக்குச் சொந்தக்காரர்கள் கூடிவிடுவார்கள். ஒவ்வொரு அருவியாகக் குளித்துவிட்டு வருவார்கள். ஷாம்பூ, சீயக்காய் பாக்கெட்டைக் கிழித்துக் கோப்பைக்குள்ளேயே போட்டுவிட்டுப் போவார்கள். நம் மகளுக்கு வரன் பார்த்த அந்த ஆனி மாதத்திலும் அப்படித்தான் குழாய் அடைத்தது. அவள் திருநெல்வேலியில் வேலையில் இருந்தாள். நீங்கள் பின்பக்கம் குத்திக்கொண்டிருந்தீர்கள். வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. மாப்பிள்ளை வீட்டார், செங்கோட்டைக்காரர்கள். ஐந்தருவியில் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு, அப்படியே இந்தப் பக்கம் வந்து வீட்டை ஒரு எட்டு பார்த்துவிட்டுப் போகலாம் என்று சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார்கள்.

மாப்பிள்ளையின் பெரியம்மா நேரே அடுக்களை தாண்டிப் பின்வாசலுக்கே வந்துவிட்டார். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அங்கன நிக்கது யாரு?" என்றார்.

"வேலைக்கு வந்த ஆளு" என்றேன் நான்.

"வீட்டுக்காரங்க?"

"டூட்டிக்குப் போயிருக்காங்க."

எட்டு அடி தூரத்தில் நின்றீர்கள். உங்கள் காதில் விழாமல் இருக்க வழியே இல்லை. துண்டை நெற்றிக்கு இறக்கிவிட்டு, குனிந்தபடியே சொன்னீர்கள்: "அம்மா, ஒரு வாளி தண்ணி ஊத்துங்க."

என்னை அம்மா என்றீர்கள். ஊத்துங்க என்றீர்கள். நான் உள்ளே போய் ஊற்றினேன். "வந்துட்டும்மா" என்று குரல் வந்தது. வேலை முடிந்த பிறகும் நீங்கள் வீட்டுக்குள் வர முடியாமல், அவர்கள் கிளம்பும் வரை ஒரு மணி நேரம் சாரலில் நின்றீர்கள். எல்லாருக்கும் காபி கொடுத்தேன். அந்த அம்மாள் பார்த்துக்கொண்டே இருந்ததால் உங்களுக்குப் பேப்பர் கப்பில் ஊற்றி மதில்மேல் வைத்துவிட்டு வந்தேன். எடுத்துக் குடித்தீர்கள்.

வேன் போனதும் கத்துவீர்கள் என்று காத்திருந்தேன். குளித்துவிட்டு வந்து, தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டீர்கள். "நிச்சயத்தன்னைக்கு கண்டுபிடிச்சிருவாங்கன்னு பயப்படுதியாட்டி? பயப்படாத. அந்த வேலை செய்யுதவன் மூஞ்சிய யாரும் பாக்க மாட்டாங்க."

அப்படியேதான் நடந்தது. நிச்சயத்தன்று அந்தப் பெரியம்மா கும்பிட்டு, "அன்னைக்கு வந்தப்ப உங்களப் பாக்க முடியாமப் போச்சே" என்றார். "ஆமா, டூட்டி" என்று சிரித்தீர்கள். பக்கத்தில் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு நான் நின்றேன். அதற்குப் பிறகு பத்து வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு ஒரு நாள் கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்பதும் பொய். வாய் வரவில்லை.

இன்று தனியாகத்தான் குத்தினேன். உள்ளே ஊற்றிவிட்டுப் பின்பக்கம் ஓடி வருவதற்குள் தண்ணீர் சேம்பரைத் தாண்டிப் போய்விடுகிறது. வந்ததா இல்லையா என்றே தெரியவில்லை. மூன்று தடவை ஓடினேன். மூச்சு வாங்கப் படியில் உட்கார்ந்திருந்தபோது மகள் போன் செய்தாள். இந்த வயசில் இது தேவையா, ஒரு ஆளைக் கூப்பிடக் கூடாதா என்று நான் உங்களைக் கேட்டதையே என்னிடம் கேட்டாள். எனக்குத் தாங்கவில்லை. இன்றைக்காவது சொல்லிவிடலாம் என்று, "உங்கப்பா இப்படிக் குத்திக்கிட்டு நின்ன அன்னைக்கு செங்கோட்டையில இருந்து வந்தாங்கள்லா..." என்று ஆரம்பித்தேன்.

அவள் சிரித்துவிட்டாள். "அந்தக் கதைய அப்பா எப்பவோ சொல்லிட்டாங்கம்மா. பெரியம்மா யாருன்னு கேட்டதும் அப்பாவே முந்திக்கிட்டு, நான் வேலைக்கு வந்த ஆளுன்னு சொல்லிட்டாங்களாம்லா. நீ மூஞ்சி செத்துப் போய் நின்னியாம். அவங்க போனப்புறம் ஏன் அப்படிச் சொன்னீங்கன்னு அழுதியாமே?"

எத்தனை வருஷமாக அவளிடம் இப்படிச் சொல்லி வைத்திருந்தீர்கள்? என்னிடம் ஏன் சொல்லவில்லை? "இல்லட்டி, அது அப்படி இல்ல" என்று அவளிடம் சொல்ல வாயெடுத்தேன்.

"ஆமாட்டி, அழுதேன்" என்றேன்.

"பாவம்மா நீ" என்றாள் நம் மகள். அதையும் வாங்கி வைத்துக்கொண்டேன். உங்களிடமும் சொல்லவில்லை, அவளிடமும் சொல்லவில்லை. இந்தக் காகிதத்திலாவது இருக்கட்டும். அன்றைக்கு அதைச் சொன்னது நான்தான்.