ஆவாரம்பூத் தண்ணீர்

மார்ச் 9, 1982

குருவிகுளம் ஒன்றிய அலுவலகத்து டீ நெஞ்சைக் கரிக்கிறது. இன்று வேண்டாமென்று சொல்லிவிட்டேன். பஸ்ஸில் நின்றபடியே சங்கரன்கோவில் வந்து சேர்ந்தபோது தலைவலி. டீ இல்லாததாலா, எல்லா நாளும் வருவதுதானா? அம்மா சுக்கு வெந்நீர் தந்தாள். காய்ச்சல் நாட்களின் வாசனை. பாதி வைத்துவிட்டேன்.

மார்ச் 14, ஞாயிறு

டீக்குப் பதிலாக வெந்நீரில் துளசி போட்டுப் பார்த்தேன். தீர்த்தம் வாங்கிக் குடித்த மாதிரி இருந்தது. கையைத் தலையில் துடைக்கத்தான் தோன்றியது.

நூலகத்தில் எடுக்கும் மொழிபெயர்ப்பு நாவல்களில் ஆட்கள் பக்கத்துக்குப் பக்கம் பாலில்லாத தேநீர் குடிக்கிறார்கள். அவர்களுக்கும் சலிப்புதான். ஆனால் கையில் சூடாக எதையாவது வைத்துக்கொண்டு சலித்துக்கொள்கிறார்கள்.

மார்ச் 22

அலுவலகத்துக்குப் பின்னால் ஆவாரஞ்செடி பூத்துக் கிடக்கிறது. கைக்குட்டை நிறையப் பறித்து வந்தேன். வெந்நீரில் போட்டால் தேன் நிறம். சீனி போடவில்லை. லேசான துவர்ப்பு, அதுவும் போன பிறகு வாய் சுத்தமாக இருக்கிறது. முதல் வாய் பிடிக்கவில்லை. டம்ளர் காலியானதும் இன்னொன்று வேண்டியிருந்தது.

"ஏட்டி, சீக்காளி மாதிரி என்னத்தக் குடிக்கே?" என்றாள் அம்மா.

"நல்லாருக்கும்மா."

"நல்லாருக்குன்னு எவளாவது கஷாயம் குடிப்பாளா?"

ஏப்ரல் 4

இன்னொரு தடவை பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். சிவகிரி. கூட்டுறவு வங்கியில் வேலை, பெயர் ராஜதுரை. அதே பட்டு, அதே கேசரி. எழுந்து போகும்போது என் அலமாரியைப் பார்த்து, "இதெல்லாம் நீங்க படிச்சதா?" என்றார். முன்பு வந்தவர்கள் எல்லாரும் சம்பளத்தைத்தான் கேட்டார்கள். "ஆமா" என்றேன்.

ஏப்ரல் 7

அந்த ஒரு கேள்வியையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். சே.

ஏப்ரல் 11

மொட்டைமாடியில் பூவைக் காயப்போட்டிருந்தேன். பக்கத்து வீட்டு அன்னக்கிளி மதினி பார்த்துவிட்டாள். இந்த ஊரில் ஆவாரம்பூ காய்ந்தால் ஒரே அர்த்தம்தான் — சீனி வியாதி. சாயங்காலத்துக்குள் தெருக்குழாயடியில் எனக்கு வியாதி வந்துவிட்டது.

"படிச்ச புள்ளைக்கு இது தெரியாண்டாமா?" அம்மா அழுதாள்.

தெரியும். நினைக்கவில்லை, அவ்வளவுதான். பிடித்ததைக் குடிக்கும்போது யார் அதையெல்லாம் நினைக்கிறார்கள்?

ஏப்ரல் 15

சிவகிரி சம்பந்தம் கொண்டுவந்த சங்கரபாண்டியன் அண்ணாச்சி வந்தார். நான் உள்ளே இருந்தேன்.

"அவங்க காது வரைக்கும் போயிட்டு, தங்கச்சி. புள்ளைக்குச் சீனியாம்லா?"

நான் வெளியே வருவதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "ஐயய்யோ, அவளுக்கில்ல அண்ணாச்சி! எனக்குத்தான். நாந்தான் அந்தப் பூவக் குடிக்கேன்."

அம்மாவுக்குச் சீனியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. காப்பியைப் பாயசம் மாதிரிக் குடிக்கிறவள். கதவருகே நின்றுவிட்டேன். இனி நான் போய் உண்மையைச் சொன்னால் அம்மா பொய்க்காரி. அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அப்படியா தங்கச்சி" என்று மட்டும் சொன்னார்.

ஏப்ரல் 20

வேண்டாமாம். தாய்க்கு இருந்தால் மகளுக்கும் வருமாம், பேரப்பிள்ளைக்கும் வருமாம். ராஜதுரை என்ன சொன்னார் என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாமோ?

"ஒன்னக் காப்பாத்தணும்னுதானட்டி சொன்னேன்..." அம்மா அரிவாள்மணை முன்னால் உட்கார்ந்திருக்கிறாள், காய் நறுக்காமல். கோபப்படக்கூடத் தெம்பில்லை எனக்கு.

ஏப்ரல் 21

டீ குடித்தேன். எரிந்தது.

மே 30

சிவகிரி மாப்பிள்ளைக்கு ராயகிரியில் முடிவாகிவிட்டது. படிக்க எடுத்த புத்தகம் நாலு நாளாக ஒரே பக்கத்தில் நிற்கிறது. அம்மா இப்போதெல்லாம் குழாயடிக்கு விடியுமுன் போய் வந்துவிடுகிறாள், யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து.

ஜூன் 13

இன்று அம்மா விடிந்த பிறகு குழாயடிக்குப் போனாள். ஜன்னல் வழியாகக் கேட்டது.

அன்னக்கிளி மதினிதான்: "மடியில என்னத்தக் கட்டிட்டு வாரீக அத்தை, ஆவாரம்பூவா? பாவம், ஒங்களுக்குச் சீனி இன்னும் கொறையலியோ?"

"எனக்கு எங்கட்டி சீனி? பயத்துல ஒளறிட்டேன். இந்த வீட்டுல யாருக்கும் ஒரு சீக்குமில்ல." கொஞ்சம் நிறுத்தி, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி: "எம் மகளுக்கு இது பிடிக்கும். குடிக்கா."

யாரோ சிரித்தார்கள். நம்பினார்களா, தெரியாது. இனி ஒரு சம்பந்தம் வருமா, அதுவும் தெரியாது. எழுந்துபோய் அடுப்பில் தண்ணீர் வைத்தேன்.